வெள்ளிக் கோடுகள்

பிளாஸ்டிக் தகட்டில் மின்சாரம் கடத்தும் வெள்ளி மை லேசில் ஒட்டாது. அச்சிடும் முன் அதன் மேற்பரப்பைத் தீச்சுடரில் ஒருமுறை வாட்டி எடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தைப் பார்க்க விருந்தினர் வரும் அவசரத்தில் தமயந்தி அதை விட்டுவிட்டாள். வந்தவர்கள் தகட்டின் வெள்ளிக் கோடுகளைத் தொட்டார்கள், மணி அடித்தது, கைதட்டினார்கள். அதே தகட்டைத்தான் பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடக்கும் ஞானப்பூவின் கட்டிலில் பொருத்திவிட்டு வந்தாள். விரல் பட்டால் போதும், அடுக்களையில் மணி அடிக்கும்.

அடுத்த வாரம் பார்க்கப் போனபோது ஞானப்பூவின் கணவர் மிக்கேல் வாசலிலேயே கும்பிட்டார்.

"மொத நாள் மணி ஓயாம அடிச்சுதும்மா. அப்புறம் அவ கூப்பிடவே இல்ல. ஒரு குறையும் இல்லாம கெடக்கான்னு நானும் நிம்மதியா வேலையப் பாத்தேன்."

அறைக்குள் மூத்திர வாடை அடித்தது. தகட்டில் ஒரு கோடுகூட மிச்சமில்லை. தமயந்தி கட்டிலருகே குனிந்தாள்.

"அக்கா, கையக் காட்டுங்க."

எதையோ உடைத்துவிட்ட குழந்தையைப் போல, வெள்ளித் துகள் ஏறிய நகங்களை ஞானப்பூ போர்வைக்குள் மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"தகடு நல்லாத்தானம்மா இருக்கு?" என்றார் மிக்கேல்.

தமயந்தி திரும்பவில்லை.

"அவங்க கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்திருக்காங்க," என்றாள்.