பந்தோடு திரும்பாத தலை

ராஜபாளையம்.
கனகலட்சுமிக்கு அப்பா எழுதுவது.

விம்பிள்டன் இறுதி ஆட்டம் பார்க்க, கட்டிலில் அம்மா, நாற்காலியில் நான், டிவிக்குள் பார்வையாளர் வரிசையில் உன் தம்பி வேல்பாண்டி. ராணுவத்திலிருந்து பெட்டியில் வந்து, போன தையில் நாம் எரித்தவன்தான். போட்டி தொடங்கியதிலிருந்து தினமும் வந்தான். எல்லாத் தலையும் பந்தோடு இடமும் வலமும் திரும்பும். அவன் எங்களையே பார்ப்பான்.

"இன்னைக்கோட முடியுதுங்க. இனிமே இவன எங்க போய்ப் பாக்க?" என்று அம்மா அழுதாள்.

நள்ளிரவில் ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. அவன் மட்டும் எழவில்லை.

"ஏலே வேலு, எல்லாரும் போயிட்டாக. வீட்டுக்கு வாலே" என்று அம்மா கூப்பிட்டாள்.

முதல்முறையாக அவன் தலை திரும்பியது. இடம், வலம், மெதுவாக.

விடிந்து காப்பி வேண்டுமா என்றேன். அம்மாவும் அதேபோல் தலையாட்டினாள். எதைக் கேட்டாலும் அப்படித்தான். போனில் சொல்ல வாய் வரவில்லை. இதை ஒட்டித் தபாலில் போடப் போகிறேன். உடனே வா.