பெர்ரித் தோட்டத்து விசில்

கோடையில் சுடாமலும் மாரியில் உறையாமலும் இருந்த அந்தக் கடலோரத்தில் கறுப்புப் பெர்ரி கொள்ளையாகக் காய்த்தது. ஆனால் கடற்பனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. பறிக்கிறவர்கள் தின்றுவிடுவார்களே என்று முதலாளி ஒரு சட்டம் போட்டிருந்தார்: பறித்து முடியும்வரை எல்லோரும் விசிலடிக்க வேண்டும். பழம் அடைத்த வாயில் விசில் வராது. பனிக்குள்ளிருந்து முப்பது விசில்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டன. தவமலருடையது மட்டும் கேட்கவில்லை. பதினொரு வயதில் வேலியோரம் நின்று விசிலடித்ததற்கு அப்பா கொடுத்த அடியில் பிளந்த உதடு அவளுடையது. அன்று விசில் குற்றம். இன்று விசிலடிக்காதது குற்றம்.

கங்காணி வேலை பார்க்கும் ரஞ்சன் முட்டைக்கோசுப் பாத்தியைத் தாண்டி வந்தான்.

"மலரக்கா, உங்கட விசில் கேக்கேல்லையாம். நாக்கை ஒருக்கா நீட்டுங்கோ, பாப்பம்."

நீட்டினாள். மூன்று கோடையாக அந்தத் தோட்டத்துப் பழத்தின் கறை துளிகூடப் படாத நாக்கு.

"சரி. இனி அடியுங்கோ. முதலாளி கேட்டுக்கொண்டு நிக்கிறார்."

"அடிக்கிறன் தம்பி. கொஞ்சம் கிட்ட வா."

வாளிக்குள் கைவிட்டு அள்ளி, வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டாள். பிறகு தழும்பு விழுந்த உதட்டைக் குவித்து, அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு நேராக ஊதினாள்.

பக்கத்து வரிசையில் ஒரு கை வாளிக்குள் போனது; ஒரு விசில் நின்றது. பிறகு அதற்கடுத்த வரிசையில் ஒன்று.