கெட்டுப்போன சரக்கு

“யுனிவர்சிட்டில மூணு வருஷம் அக்கவுண்ட்ஸ் படிச்சு என்னத்தக் கிழிச்ச?” இன்டர்வியூவுக்குக் கொடுத்த மாதிரிக் கணக்குத் தாளை மேஜையில் விசிறியடித்தார் முதலாளி. “மத்த நாலு பேரும் டேலி பண்ணிட்டாங்க!”

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. “வித்த சரக்குல பாதிக்கு பில்லே இல்ல சார். ஸ்டாக் எப்படி டேலி ஆகும்?”

“சரக்கு கெட்டுப்போச்சுன்னு எழுதினா ஆகும். அவங்க எழுதல?”

“அது திருட்டு. அவங்கள்ல ஒருத்தரையே எடுத்துக்கங்க.”

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து பல்லைக் கடித்தார். “வெளியாள நம்பி நிஜக் கணக்கக் குடுக்க முடியுமா? நாளைக்கே போட்டுக் குடுத்துடுவான். அதுக்குத்தானேடி பெத்த பொண்ணையே படிக்க வெச்சேன்!”

ஆபீசில் ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அதை அவள் காற்றில் பறக்கவிட்டாள்.

“போட்டுக் குடுக்க உள்ளாளுக்கும் தெரியும்ப்பா.”