தீராத சிலிண்டர்

சுடலையாண்டிக்கு ஓசி என்றாலே ஆகாது. இழுத்துப் பிடித்தாலும் இரண்டு மாதத்தைத் தாண்டாத கேஸ் சிலிண்டர், தீபாவளிக்கு மாட்டியது, சித்திரை பிறந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தார். வெறும் இரும்பின் கனம்தான் இருந்தது. ஆட்டிப் பார்த்தார், உள்ளே ஒன்றும் தளும்பவில்லை.

“மிச்சம்தான மாமா? அந்தக் காசுலதான் பிள்ளைக்குப் பால் வாங்குதேன். கண்ணு வச்சிராதிய” என்று சிரித்தாள் மருமகள் பேச்சித்தாய்.

“போளா, கூறுகெட்டவளே. கேக்காம குடுக்கவன் கேக்காமலே எடுப்பான்.”

குனிந்து வால்வை மூடி, ரெகுலேட்டரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அடுப்பில் பால் சட்டிக்குக் கீழே நீலத் தீ அசையாமல் நின்றது. பேச்சித்தாய்க்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

“பிள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடுளா!” என்று கத்தினார். அவள் நகரவில்லை. அவரே போய், தரையில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தியைக் குனிந்து எடுத்தார். நாலு வயதுப் பிள்ளை, கனக்குமே என்று ஊன்றித் தூக்கிய கை, விசை தாங்காமல் தலைக்கு மேலே போய் நின்றது. கையில் வெறும் சட்டையின் கனம்தான் இருந்தது.

“இன்னும் மேல, தாத்தா” என்றது பிள்ளை.