ஸ்லாப்புக்கு ஏற்ற கம்பி

“பாஸ் கிட்டார்ல ஸ்லாப் வாசிக்க எந்தக் கம்பி நல்லா இருக்கும்? நாலு மணிக்குள்ள மாட்டியாகணும்” என்றாள் அந்தப் பெண். நெற்றியில் வியர்வை, விரலில் கல்யாண மோதிரம், பேச்சில் அவசரம்.

கடைக்காரன் எலிஹியோவுக்குத் திக்கென்றது. இன்று நாலு மணிக்குச் சந்தியாகோவில் கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிக்க வேண்டிய இடம் ஒன்றுதான். துள்ளாட்டம் போடவைக்கும் மெரெங்கே இசைக்குப் பேர்போன செனோனின் குழு, பாஸ் வாசிக்க ஆள் எடுக்கிறது. தேர்வாகிறவனுக்கு டிசம்பரில் நியூயார்க் பயணம். அந்த இடத்துக்காக எலிஹியோ மூன்று வருடமாகத் தவம் கிடக்கிறான்.

“செனோன் குழுப் போட்டிக்கா?”

“ஆமா. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்களே நல்லதா பாத்துக் குடுங்க.”

புருஷனுக்காக வந்திருக்கிறாள். அந்தப் புருஷன் எவனாக இருந்தால் என்ன, எதிரி எதிரிதான்.

எலிஹியோ இரண்டு பாக்கெட்டை எடுத்து வைத்தான். ஒன்று சொரசொரப்பான கம்பி, அறைந்தால் கணீரென்று தெரு முனைவரை கேட்கும். இன்னொன்று பிளாட்வவுண்ட். பட்டை சுற்றி வழவழவென்று இருக்கும். பொலேரோ மாதிரி மெதுவான பாட்டுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மெரெங்கே வேகத்தில் அறைந்தால் சத்தம் மந்தமாகத்தான் வரும். இது ஊரில் எல்லா பாஸ்காரனுக்கும் தெரியும்.

கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் வழவழக் கம்பியை நீட்டினான்.

“இதை எடுத்துக்குங்க அக்கா. அந்தச் சொரசொரப்பு விரலைக் கிழிச்சிடும். இது வெண்ணெய்!”

“ஓங்கி ஓங்கி அடிப்பாங்களே, தாங்குமா? ஆறு பேர் அடிச்சாலும் அறுந்துடக் கூடாது.”

“அறுபது பேர் அடிக்கட்டும்! எலிஹியோ சொன்னான்னு தைரியமா மாட்டுங்க.”

“எலிஹியோவா?” அவள் அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். “ரொம்ப நன்றி எலிஹியோ” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் தன் பாஸில் புத்தம்புதிய சொரசொரக் கம்பியை மாட்டினான். மூன்றரை மணிக்கே கடையைச் சாத்தினான். ஒத்திகைக் கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் விசில்தான்.

பட்டியலில் கடைசிப் பெயர் அவனுடையது. தாழ்வாரத்தில் காத்திருந்தபோது, அவனுக்கு முன்னால் வாசிக்கப் போன வில்கின் கட்டைவிரலை உதறிக்கொண்டே வெளியே வந்தான்.

“என்னப்பா ஆச்சு?”

“அட போப்பா! அறைஞ்சா தலையணையைக் குத்தின மாதிரி இருக்கு. எந்தப் பாவி வித்தானோ அந்தக் கம்பியை!”

ஓ, புருஷன் இவன்தானா! எலிஹியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வில்கினின் தோளைத் தட்டினான்.

“விடுப்பா. பொண்டாட்டியைத் திட்டாதே. பாவம், ஆசையா வாங்கிட்டு வந்திருப்பா.”

“பொண்டாட்டியா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!”

எலிஹியோ விழித்தான். அதற்குள் கதவு திறந்தது. காலையில் கடைக்கு வந்த அதே பெண், கையில் பெயர்ப் பட்டியலோடு நின்றாள்.

“உங்க பாஸை வெளியிலேயே வெச்சிட்டு வாங்க. அவங்கவங்க பாஸ்ல வாசிச்சா, நல்லா இருக்கறது விரலா பாஸான்னு தெரியாதாம். எங்க வீட்டுக்காரர் செனோன் சொல்லிட்டார். ஆறு பேருக்கும் குழுவோட பாஸ்தான்.”

எலிஹியோ தன் பாஸை மெல்ல இறக்கிச் சுவரில் சாய்த்தான்.

அவள் கதவை அகலமாகத் திறந்து பிடித்தாள்.

“அஞ்சு பேரும் கம்பியைத் திட்டிட்டுப் போயிட்டாங்க எலிஹியோ. நீங்களாவது வந்து அதோட மானத்தைக் காப்பாத்துங்க!”