நன்றி: மாயவன், வெள்ளிமலை

“கல்வராயன் மலையிலேர்ந்து ஒருத்தர் வந்துகிறாருங்க. உங்க நாவலக் கையில வச்சிக்கினு நிக்கிறாரு” என்றாள் மனைவி லூசி.

சேவியர்ராஜ் உதட்டைச் சுழித்தான். “நன்றின்னு ஒரு மலைக்காரன் பேரப் போட்டாலும் போட்டேன், எம்பேரு எங்கன்னு மலையே எறங்கி வந்துடும் போலகீது. வரச்சொல்லு.”

வந்தவர் உட்காரவில்லை. கடைசிப் பக்கத்தைப் பிரித்து நீட்டினார்.

‘மூன்று மாதம் தன் வீட்டில் தங்கவைத்து, மலைமக்களின் வாழ்க்கையைச் சொல்லித்தந்த வெள்ளிமலை மாயவனுக்கு நன்றி.’

“இந்தப் பேர எடுத்துடுங்க சார்.”

“அதச் சொல்ல நீங்க யாரு?”

“நான்தான் மாயவன். எங்க பொம்பளைங்களப் பத்தி இவ்ளோ அசிங்கமா எழுதியிருக்கீங்க. நீதான் சொல்லிக் குடுத்தியான்னு ஊரே கேக்குது. என் பொண்ணுக்குப் பேசின சம்பந்தமும் நின்னுபோச்சு.”

சேவியர்ராஜ் புத்தகத்தைப் பட்டென்று மூடினான். “அது நீங்க இல்லீங்க. வேற மாயவன்.”

“எங்கூர்ல வேற மாயவன் கெடையாது. உங்கள நான் இன்னிக்கித்தான் பாக்குறேன். அப்ப இதெல்லாம் உங்களுக்கு யாரு சார் சொன்னது?”

 தண்ணீர்ச் சொம்போடு வந்த லூசிதான் பதில் சொன்னாள்.

“யாரும் சொல்லலீங்க. ஒரே ஒருவாட்டி மலைக்குக் கெளம்புனாரு. கச்சிராயபாளையம் தாண்டி மொத வளைவுலயே பஸ்ஸ நிறுத்தி எறங்கித் திரும்பி வந்துட்டாரு. உங்க மலையில இவரு கண்ணால பாத்தது அந்த ஒரு வளைவுதான். அதுவும் குனிஞ்சி வாந்தி எடுத்துக்கினு.”