மூன்று சொட்டு

"யாரு பண்ணின அநியாயம் இது?"

மாமாவின் பழைய ஃபிலிம் கேமராவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஏன்டா, என்ன ஆச்சு?" அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"நெயில் பாலிஷ்க்கா! டயல்ல ரெண்டு சொட்டு, லென்ஸ் வளையத்துல ஒண்ணு. கடுகு மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது."

"நான்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கைதவறிக் கொட்டிடுச்சு."

"கொட்றதுக்கு வேற இடமே கிடைக்கலையா உனக்கு?"

மாமா நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். யாரையும் தொடவிடாமல் முப்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த கேமரா; அன்றுதான் முதல்முறையாக என் கையில் கொடுத்திருந்தார். அதைப் பாழாக்கிய பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த மனுஷருக்கு ரோஷமே கிடையாதா என்றிருந்தது எனக்கு.

வீட்டில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். பழைய கேமராக்களில் சின்னச் சின்ன வித்தியாசங்களைக் கண்டுபிடித்துப் பட்டியல் போடுவது என் பைத்தியம். பார்க்க ஒரே மாடல்தான். ஒன்றில் தோலின் சொரசொரப்பு மாறியிருக்கும், இன்னொன்றில் ஒரு திருகு குறைந்திருக்கும். ஃபேக்டரியில் செய்ததா, பிறகு எவனாவது கைவைத்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று நாலு பேர் சொல்வார்கள். அதில் முதல் ஆள் நான்தான்.

மாமாவின் கேமராவில் டயல் எண்கள் பச்சை. அந்த மாடலில் எல்லாமே வெள்ளை எண்தான். பச்சையை நான் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. பட்டியலின் முதல் பக்கத்தில் போடவேண்டிய சரக்கு. அதன் மேல் போய் நெயில் பாலிஷ்!

"ரெண்டு நாள் குடுங்க மாமா. சுத்தம் பண்ணி, படம் எடுத்துட்டுக் கொண்டு வரேன்."

"வேணாம்டா" என்றாள் அக்கா வெடுக்கென்று. "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"ஏன்?"

மாமாவை ஒரு பார்வை பார்த்தாள்.

மாமாதான் குறுக்கே வந்தார். "குடுத்தனுப்பு. ஆசையா கேக்கறான்ல."

பஞ்சு, பாலிஷைக் கரைக்க அசிடோன், பல்குத்தும் குச்சி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பச்சைக்கு ஒரு கீறல் விழவில்லை. நோட்டில் எழுதினேன்: பச்சை எண், அசல். பிற்காலச் சேதம் மூன்று சொட்டு, நீக்கியாயிற்று.

கொண்டுபோய்க் கொடுத்தது அக்கா மகளின் பிறந்தநாள் அன்று. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளை வாசற்கதவருகே நிற்கவைத்து மாமா ஒரே ஒரு படம் எடுப்பார். கூடத்துச் சுவரில் இருபத்திரண்டு படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. மனுஷர் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

மாமா கேமராவை வாங்கினார். கட்டைவிரல் டயலைத் தடவியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"புதுசு மாதிரி ஆயிடுச்சே மாப்ளே!"

"எண்ணெல்லாம் பளிச்னு தெரியுது பாருங்க! இப்ப எதுல நிக்குது, சொல்லுங்க பார்ப்போம்."

டயலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அறுபது."

"நூத்தி இருபத்தஞ்சு மாமா! முப்பது வருஷமா கையில வெச்சிருக்கீங்க, எண்ணு தெரியலையே! உங்களை என்னன்னு சொல்றது?"

விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அப்பா, ஆபீசுக்கு நேரமாச்சு" என்று மகள் கதவருகே போய் நின்றாள்.

மாமா கேமராவைக் கண்ணில் வைத்தார். இறக்கினார். டயலைத் திருப்பினார். மறுபடி வைத்தார். லென்ஸ் வளையத்தில் விரல் எதையோ தேடிக்கொண்டு போய்ப் போய் வந்தது. கடைசியில் என் பக்கம் நீட்டினார்.

"இந்தத் தடவை நீயே எடு. எனக்குக் கை வலிக்குது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எடுத்தேன்.

தண்ணீர் குடிக்க உள்ளே போனால், அக்கா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள்.

"என்னக்கா?"

"ரெண்டு வருஷமா அவருக்குப் பொடி எழுத்து தெரியலைடா. ஆள் தெரியும், எண்ணு தெரியாது. இனி கண்ணு இவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டார். அதை என்கிட்டகூட அவர் சொல்லலை. சட்டைப் பையில சீட்டைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். கேமராவைத் தூக்கி அலமாரியில வெச்சுட்டார்."

"அப்போ அந்த..."

"வெயிலுக்கு ஒரு சொட்டு, நிழலுக்கு ஒரு சொட்டு, பத்தடி தூரத்துக்கு ஒரு சொட்டு, பார்க்காமலே விரலுக்குத் தட்டுப்படற மாதிரி. இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்ல? வெச்சுட்டு, கைதவறிக் கொட்டிடுச்சுன்னேன். ஒண்ணுமே கேக்கலை. மறுநாள் கேமராவை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். நானும் ஒண்ணும் கேக்கலை."

கூடத்தில் மாமா கேமராவை உறையில் போட்டு மூடும் சத்தம் கேட்டது. இரண்டு வருஷமாக அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து அரட்டை அடித்திருக்கிறேன். சற்று முன்னால் அவரை நிற்கவைத்துச் சிரித்தும் இருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"இப்பவே வெச்சுடலாம்க்கா. எந்த எந்த இடம்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பாலிஷ் எங்க?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வெச்சுடலாம்டா. அவர்கிட்ட என்னன்னு சொல்றது? மறுபடியும் கைதவறி, அதே மூணு இடத்துல கொட்டிடுச்சுன்னா?"